வேலாயுதம் ஏறிய இரண்டு மலைகள்

1967 ஜனவரி 15, ஞாயிறு

குளிர். தாராவியில் குழாயடிச் சண்டைகூட இன்று தாமதமாகத்தான் ஆரம்பித்தது. பொங்கல் மறுநாள். வயிறு மந்தம்.

இந்தப் பக்கங்களில் நான் எழுதப்போவதை ஈரேழு பதினான்கு லோகத்திலும் ஒரு ஜீவன் நம்பாது என்று குலதெய்வம் சாட்சியாக வாக்குக் கொடுக்கிறேன். நானே நம்புவேனா என்பது சந்தேகம். டைரி, ஆபீஸில் எவனோ வேண்டாமென்று லிஃப்டில் விட்டுப்போனது. அட்டையில் இருமல் மருந்துப் படம். என் சரித்திரத்துக்கு ஏற்ற அட்டை.

சரித்திர நாயகனைப் பற்றி: ஃபோர்ட்டில் ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட்மேன். ஸ்டூலை விட்டு எழாமல் தினமும் இமயமலை ஏறி இறங்குகிறவன். பிரம்மச்சாரி. காரணம்: என்னைத் தாங்கும் பெண்ணைப் பூமி இன்னும் தயாரிக்கவில்லை.

இன்று பக்கத்து லேபர் கேம்ப் குடியிருப்பு, தங்கச்சி பொன்னம்மாள் வீடு. அவள் மகள் சந்திராவுக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது. செம்பூர்ப் பையன். பிப்ரவரி 5, மாட்டுங்காவில் ஹால். பையனின் தகப்பனார் ஹெட்கிளார்க். பெயரைச் சொன்னார்கள். ஆபீஸைச் சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"அட, நம்ம நாலாவது மாடிக்காரரு! பத்து வருசமா அவரைத் தூக்கிட்டுப் போறது யாருங்கேன்? நான்தாம்லா!"

ஒருவரும் சிரிக்கவில்லை. மச்சான் ராமையா சுவர் கடிகாரத்தைப் பார்த்தார். பொன்னம்மாள் அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. நான் பார்த்தேன்.

பையனின் அம்மாவுக்கு ஒரு ஆசையாம். எங்கள் ஊர் இரண்டு மலை வழக்கத்தைக் கேள்விப்பட்டாளாம், அதை விடக்கூடாதாம். பேஷ். அது என் இலாகா அல்லவா.

மறந்துபோகாமலிருக்க எழுதிவைக்கிறேன். எங்கள் ஊரில் அண்ணன் மலை, தங்கை மலை என்று இரண்டு. தங்கை கூப்பிட்டபோது அண்ணன் 'நாளைக்கு வாரேன்' என்றானாம். அந்த நாளை வரவே இல்லை. இருவரும் கல்லானார்கள். அதனால் ஊரில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் அவள் தாய்மாமன் ஒரே நாளில், பொழுது சாய்வதற்குள், இரண்டு மலையும் ஏறவேண்டும். அண்ணன் உச்சியில் தன் பெயரையும் முறையையும் சொல்லி ஒரு கல் எடுக்கவேண்டும். அதைத் தங்கை உச்சியில் வைத்து, அங்கேயும் பெயர் சொல்லி, அங்கிருந்து ஒரு கல் கொண்டுவரவேண்டும். மணமேடையில் அந்தக் கல்லில் கால் ஊன்றித்தான் மாமன் மாலை எடுத்துக் கொடுப்பான். நடுவில் ஒரு ராத்திரி புகுந்தால் அண்ணன் தங்கை உறவு அறுந்துபோகும்.

பம்பாயில் மலைக்கு எங்கே போக? எங்கள் ஊர்ச் சங்கத்துப் பெரியவர்கள் என்றைக்கோ கூடி, பூனா லைனில் மளவ்லி ஸ்டேஷன் பக்கம் அடுத்தடுத்து நிற்கிற இரண்டு கோட்டை மலைகளைப் பிடித்தார்கள். லோஹகட் அண்ணன், விசாபூர் தங்கை என்று தீர்மானம். மராத்திய ராஜாக்களைக் கேட்கவில்லை. அவர்களும் ஆட்சேபிக்கவில்லை.

இரண்டில் தங்கை மலைதான் உயரம். எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

நாளை முதல் தேகப்பயிற்சி.

ஜனவரி 18, புதன்

பயிற்சி: லிஃப்டை விட்டு இறங்கி மூன்று மாடி படியில் ஏறினேன். உலகம் இருண்டது. மீதி மூன்று மாடியை மனத்தால் ஏறினேன்.

பத்தரைக்கு ஹெட்கிளார்க் (இனி ஹெ.கி.) வந்தார். நல்ல மனிதர். என்னை "லிஃப்ட்" என்றுதான் கூப்பிடுவார். பெயர் கேட்டதில்லை. ஊர் ஒருமுறை கேட்டார். மதுரைப் பக்கம், பாளையக்காரர் வம்சம், அரண்மனையை வெள்ளைக்காரன் இடித்துவிட்டான் என்று அளந்திருக்கிறேன். அதனால் நான் யார் வீட்டு அண்ணன் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. இன்று சொல்லி அசத்திவிடலாம் என்று தொண்டையைக் கனைத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"என்ன லிஃப்ட், என் பையனுக்குக் கல்யாணம் முடிவாயிருக்கு."

"சந்தோசம் சார்."

"நல்ல இடம். பொண்ணு மெட்ரிக் பாஸ். தாய்மாமன் உல்லாஸ்நகர்ல ஜவுளி ஹோல்சேல். வேலாயுதம்னு பேரு. பெரிய புள்ளி. ஒரே மாமன், வேற யாரும் இல்லையாம்."

லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. கைப்பிடியை விட்டால் நின்றுவிடும் ஜாதி அது.

"என்னப்பா, கரண்ட் போச்சா?"

"ஆமா சார். வந்துரும்."

வந்தது. நாலாவது மாடி. கதவைத் திறந்துவிட்டேன். சலாம் போட்டேன்.

வேலாயுதம் என் சித்தப்பா மகன். பொன்னம்மாளுக்கு அவனும் முறைக்கு அண்ணன்தான். இனி வே. என்று எழுதுவேன். முழுப் பெயருக்கு மை வீண்.

மத்தியானம் சாப்பிடவில்லை. பசி இல்லாததால் அல்ல. கேண்டீனில் உருளைக்கிழங்கு தீர்ந்துவிட்டது. அதனால்.

ஜனவரி 22, ஞாயிறு

பொன்னம்மாள் வந்தாள், ஏணி வைத்து ஏறும் என் மாடி அறைக்கு. இந்த ஏணியில் அவள் ஏறியது இதுதான் முதல் தடவை. கையில் முறுக்குப் பொட்டலம்.

"வாங்க மகாராணி. பல்லக்கை எங்க நிறுத்தியிருக்கு?"

"கேலி பண்ணாத அண்ணே."

"ஒரே மாமனாமே? நான் எப்பம்மா செத்தேன்? காரியத்துக்குக்கூட யாரும் எனக்குச் சொல்லல."

உட்கார்ந்தாள். அழப்போகிறாள் என்று பார்த்தேன். அழவில்லை. நேரே விஷயத்துக்கு வந்தாள். அப்பாவின் புத்தி அவளுக்கு.

"வேலாயுதம் அண்ணனால மலை ஏற முடியாது. நாலு படிக்கு மூச்சு இரைக்கி. ஏறாமலே ஏறியாச்சுன்னு சொல்லிரலாம்னு அவுக சொல்லுதாவ. எனக்கு மனசு கேக்கல. நாளைக்கு சந்திராவுக்கு ஒண்ணுன்னா?"

"அதுக்கு?"

"நீ ஏறிரு."

"ஏறிருதேன். மேடையில?"

முறுக்கை ஒடித்தாள். தின்னவில்லை. "மேடையில அவன் நிக்கட்டும்."

"அப்ப மேல நின்னு யாரு பேரச் சொல்ல?"

"அவன் பேரத்தான் சொல்லணும். மலையில ஒரு பேரு, மேடையில ஒரு பேருன்னா குத்தமாயிரும்."

"என் பேருக்கு என்ன குத்தம் பொன்னு?"

"உன் பேருக்கு ஒண்ணுமில்ல. உன் காக்கிச் சட்டைக்குத்தான்."

இதற்கு நான் சொன்ன பதில்: சபை நடுங்க ஒரு பிரசங்கம் செய்தேன். இடி இடித்தது. மாஹிம் பக்கத்து ராட்சதத் தண்ணீர் பைப் வெடித்து வானம் வரை பாய்ந்தது. பொன்னம்மாள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டாள்.

உண்மையில் சொன்ன பதில்: "எந்த வண்டி?"

ஏணியில் இறங்கும்போது நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள். "பொய் சொல்லாம ஏறிருவியா அண்ணே?"

"மலை மேல யார்ட்டம்மா பொய் சொல்ல?"

ஜனவரி 26, வியாழன். குடியரசு தினம். லீவு.

எழுதுவது வெள்ளிக்கிழமை. நேற்று கை தூக்க முடியவில்லை.

கொண்டுபோனவை: வெற்றிலை பாக்கு. தண்ணீர், ஒரு பழைய பாட்டிலில். பிரெட். பீடிக்கட்டு. பொன்னம்மாள் கொடுத்த மஞ்சள் துணி. அவமானம் (மடித்து வேட்டி மடிப்பில்).

விடியுமுன் சயானில் லோக்கல். கல்யாணில் பூனா பாசஞ்சர். வே. அங்கே ஏறினான். கறுப்புக் கண்ணாடி, புது கேன்வாஸ் ஷூ, நாலடுக்கு டிபன் கேரியர். எவரெஸ்ட்டுக்குப் புறப்பட்ட மாதிரி. என் வேட்டியைப் பார்த்து ஜன்னலோரத்தில் ஒருவன், "ஏ லுங்கிவாலா, ஸரக்" என்றான். நகர்ந்தேன். வே. பேண்ட் போட்டிருந்தான். அவனுக்கு உட்கார இடம் கிடைத்தது.

"அண்ணாச்சி, மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதிய. ராமையா அத்தான் கேட்டாவ. நான் என்ன செய்ய?"

"சேச்சே. நீ கால் வைக்கிற கல்லு. நான் சும்மா தூக்கியாறேன்."

"உங்களுக்கு ஒரு வேட்டி எடுத்து வச்சிருக்கேன் கடையில. நல்ல கரை."

"பெரிய மனசு."

மளவ்லியில் இறங்கி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தான். கேரியரைத் திறந்தான். "போய்ட்டு வாங்க, நான் இங்ஙன பாத்துக்கிடுதேன்" என்றான். எதைப் பார்த்துக்கொள்வான் என்று கேட்கவில்லை. ஸ்டேஷனை யாரும் திருடமாட்டார்கள்.

தனியாக நடந்தேன். காய்ந்த புல், முழுக்க மஞ்சள். வழியில் விறகுக் கட்டோடு ஒரு மராத்திக் கிழவி. இரண்டையும் இன்றே ஏறப்போகிறேன் என்று கையால் காட்டினேன். "வேடா ஆஹே கா?" என்று தன் விறகுக் கட்டையே கேட்டாள். பைத்தியமா என்று. ஊரில் இதைத் தமிழில் கேட்பார்கள். அதுதான் வித்தியாசம்.

அண்ணன் மலையில் படிகள் இருக்கின்றன. ராஜாக்கள் வெட்டியது. வாசல் மேல் வாசலாக வளைந்து வளைந்து போகிறது. லிஃப்ட் வைத்திருந்தால் ராஜ்யம் போயிருக்காது. முதல் வாசலில் குதிரைப் படை ஒன்று எனக்கு சலாம் வைத்தது. இரண்டாவது வாசலில் பைப் லைன் பருமனுக்கு ஒரு பாம்பு, "மேல போறியளா, எந்த மாடி?" என்று கேட்டது. "உச்சி" என்றேன். வழி விட்டது.

உச்சியில் காற்று. வேட்டியைப் பாய்மரம் ஆக்கி என்னை அரபிக்கடல் வரை தூக்கிப்போய்க் கொண்டுவந்து விட்டது. அப்புறம் ஒரு சிறுத்தை. உட்கார்ந்திருந்தது. பீடி இருக்கா என்று பார்த்தது. கொடுத்தேன். இருவரும் இழுத்தோம். அதற்கும் தங்கச்சி உண்டாம். கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

வெற்றிலை வைத்தேன். எதிரே தங்கை மலை, நீளமாக, முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தது. சொல்லச் சொன்னபடி சொன்னேன். 'நான் வேலாயுதம். பொன்னம்மாளுக்கு அண்ணன். சந்திராவுக்கு மாமன். பெண்ணைக் கட்டிக் கொடுக்கிறோம், இன்றைக்கே வந்து நில்லு.' விசுவாசமான வேலைக்காரன் மாதிரி ஒரு எழுத்து பிசகாமல். கல் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

தங்கை மலைக்குப் படி இருந்த இடத்தில் ஓடை. மழைக்காலத்து ஓடை, இப்போது வெறும் பாறை உருண்டைகள். ஏறவே விடவில்லை. சறுக்கினேன். வலது முழங்கால் பாறையில் மோதியது. கல்லை மட்டும் விடவில்லை. அங்கேயே உட்கார்ந்து பிரெட் தின்றேன். திரும்பிப் போய்விடலாம், கீழே கிடக்கும் கல்லில் ஒன்றைக் கொடுத்தால் எவனுக்குத் தெரியும் என்று நினைத்தேன். வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. 'நாளைக்கு வாரேன்' என்று சொன்னவன் ஞாபகம் வந்தது. கெட்ட வார்த்தை ஒன்று சொல்லிவிட்டு எழுந்தேன். கைகளாலும் ஏறினேன்.

உச்சி ஒரு மைதானம். பெரிய மதில் சுவர். ஆள் இல்லை. கீழே ரயில் பாதை நூல் மாதிரி. அந்த நூலின் ஓரத்தில் ஒரு பொட்டு, ஸ்டேஷன். அங்கேதான் பெரிய புள்ளி. சூரியன் இன்னும் ஒரு முழம் மேலே இருந்தது. நான் அதட்டினதால் நின்றது. கல்லை வைத்தேன். வேலாயுதம் பெயரை மறுபடி சொன்னேன். பாறை பாறையாகத் திருப்பிச் சொல்லிற்று. வேறொரு கல் எடுத்து மஞ்சள் துணியில் கட்டினேன்.

இருட்டியபின் ஸ்டேஷன். வே. பெஞ்சில் படுத்திருந்தான்.

"வந்துட்டியளா! ரெண்டுமா?"

சிறுத்தைக் கதை சொன்னேன். வலியை மறக்க வேறு வழி தெரியாது. வாயைப் பிளந்து கேட்டான்.

"பீடியா குடுத்திய? நெசமாவா? சரி, என் பேரச் சொன்னியள்லா?"

"மலை பூராவும் உன் பேருதாம்லே."

கல்லை வாங்கி கேரியரின் மேலடுக்கில் வைத்தான். கீழடுக்கில் மிச்சத் தயிர்சாதம். எனக்குக் கொடுத்தான். தின்றேன்.

ஜனவரி 28, சனி

முழங்கால் பூசணிக்காய். கண்காட்சி வைக்கலாம்.

ஹெ.கி. "என்ன லிஃப்ட், காலை நீட்டிட்டு உக்காந்திருக்கே?" என்றார். வாயு என்றேன்.

பிப்ரவரி 1, புதன்

சாயங்காலம் சந்திரா வந்தாள், பத்திரிகை கொடுக்க. பொன்னம்மாளுக்குத் தெரியாமல் வந்தாளாம்.

இந்தப் பெண்ணுக்குத் தமிழ் பேச வரும். எழுத்து என்றால் கல்லும் முள்ளும். ஹிந்தி ஸ்கூல். பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மாமா, இதுல உங்க பேரு கஹான், எங்க இருக்கு? படிச்சு சொல்லுங்க. அம்மா கிட்ட கேட்டா வேலை இருக்குங்கிறா."

வாங்கிப் படித்தேன். 'தாய்மாமன்' என்ற இடத்தில் பெரிய எழுத்தில் வே. ஜவுளி வியாபாரம், உல்லாஸ்நகர். மேலிருந்து கீழ் வரை விரலை ஓட்டினேன். அடியில் பொடி எழுத்தில் அச்சாபீஸ் விலாசம்.

"இந்தா இருக்கே."

"இத்தனூண்டா?"

"பெரிய மனுசங்க பேரைச் சின்னதாத்தான் போடுவாங்க. கண்ணு பட்டுரும்."

"அச்சா." அந்தப் பொடி எழுத்தை விரலால் தடவினாள். "மாலை நீங்கதான குடுப்பீங்க?"

"யானை மேல வந்து குடுப்பேன்."

சிரித்தாள். என் பொய்க்கு சிரிக்கிற ஒரே ஆள். சலங்கை மாதிரி ஏணியில் இறங்கிப் போனாள். இது மிகையல்ல.

பிப்ரவரி 5, ஞாயிறு

போகவில்லை. ஹெ.கி. பார்த்துவிட்டால் எல்லாம் போச்சு. ராமையா நேற்று வந்து சொன்னார். "கோவிச்சுக்கிடாதிய மச்சான், பெறகு வீட்ல தனியா விருந்து வச்சிருவோம்."

அறையில் முழங்காலுக்கு நல்லெண்ணெய். வெளியே எலெக்‌ஷன் ஜீப், ஒலிபெருக்கி. யாருக்கோ ஓட்டுப் போடச் சொல்லிற்று. மாட்டுங்கா நாதஸ்வரம் தாராவிக்குக் கேட்காது. கெட்டிமேளம் கேட்டது.

முகூர்த்த நேரத்தில் எழுந்து நின்றேன். ஏன் என்று தெரியவில்லை. கால் வலித்தது. உட்கார்ந்துவிட்டேன்.

வே. அனுப்பிய வேட்டி வந்தது. கரை ஒன்றும் அப்படி நன்றாக இல்லை.

பிப்ரவரி 7, செவ்வாய்

வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. லிஃப்டில் ஃபேன் ரிப்பேர்.

ஹெ.கி. வந்தார். புது சட்டை. கையில் ஸ்வீட் பாக்கெட்டுகள், ஆபீஸுக்குக் கொடுக்க. வேறு ஆள் இல்லை. கதவைச் சாத்தினேன்.

"பிரமாதமாய் நடந்தது லிஃப்ட். ஒரு விசேஷம் கேளு. பொண்ணோட மாமா இருக்காரே, ஒரே நாள்ல ரெண்டு மலை ஏறிக் கல்லு கொண்டுவந்தாராம். அவங்க ஊர் வழக்கம், என் சம்சாரம் ஆசைப்பட்டுக் கேட்டது. மேடையில அந்தக் கல்லு மேல கால வச்சுக்கிட்டு சொல்றார், மேலே ஒரு புலி வந்துதாம். பயப்படாம ஒரு பீடி குடுத்தாராம்!"

என் சிறுத்தை பத்தே நாளில் புலியாகிவிட்டது. ஜவுளிக்காரன், அளந்து கொடுப்பதில் நம்மை மிஞ்சிவிட்டான்.

"புலி பீடி குடிச்சுதா சார்?"

"குடிச்சுதாம்! ஹால் முழுக்க சிரிப்பு. பொண்ணு மட்டும் சிரிக்கலை. வாசலையே பாத்துக்கிட்டிருந்தா. யானை எங்கேன்னு கேட்டா. புரியலை எங்களுக்கு. பயந்திருக்கும், குழந்தை."

இரண்டாவது மாடி. கைப்பிடியை இறுக்கிப் பிடித்தேன். மூன்றாவது.

"நீயே சொல்லு. அந்த ஆளு மாடிப்படி ஏறினாலே இரைக்கும். ஒரே நாள்ல ரெண்டு மலை! நீ நம்புவியா?"

"நம்பமாட்டேன் சார்."

"நானும்தான். ஆனா கேக்க நல்லாயிருந்தது."

நாலாவது மாடி. கதவைத் திறந்தேன். ஒரு பாக்கெட்டை என் கையில் வைத்தார். லட்டு. சலாம் போட்டேன்.

கீழே வருகிற வழியில் லிஃப்டை நடுவில் நிறுத்தி லட்டைத் தின்றேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடிக்கட்டும்.

குதிரைப் படை இல்லை. பாம்பு இல்லை. புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை, பீடி முழுவதையும் நான்தான் குடித்தேன். சூரியன் என் அதட்டலுக்கு நிற்கவில்லை, தானாகத்தான் மெதுவாகப் போயிற்று. வேலாயுதம் பெயரைச் சொன்னேன் என்று மேலே எழுதியிருக்கிறதே, அதுவும் பொய். குத்தம் வந்தால் என் தலையில் வரட்டும், பிள்ளையைத் தொடவேண்டாம். ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். பொழுது சாய்வதற்குள், இரண்டு உச்சியிலும் நின்று, தொண்டை கிழிய நான் சொன்ன பெயர் சுடலைமுத்து.